சித்தேரி மலைக்காக வண்டியை நாற்பது மில்லிமீட்டர் தூக்கியது

போன ஐப்பசி மழையில், சித்தேரியைத் தாண்டிய மண் பாதையில் என் ஏழு இருக்கை வண்டியின் வயிறு ஒரு பாறை மேல் உட்கார்ந்துவிட்டது. என் நண்பர் மாதுவின் ஊர் அங்கிருந்து இன்னும் மூன்று கிலோமீட்டர். அவர் மனைவி பொன்னம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அன்று தருமபுரியில் அறுவை சிகிச்சைக்குச் சேர்ப்பதாக இருந்தது. சேர்க்க முடியவில்லை. மறு தேதி கிடைக்க நான்கு மாதம் ஆனது. மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்று, பகல் பதினொரு மணிக்குள் வரவேண்டும் என்றார்கள். அதற்காகத்தான் வண்டியை உயர்த்தினேன். அழகுக்காக இல்லை. அறுபத்தெட்டு வயதில் எனக்கு எதற்கு அந்த அழகெல்லாம்.

வண்டியைத் தூக்கப் போகிறேன் என்று சொன்னதும் ஊரில் எல்லோரும் நிபுணர் ஆகிவிட்டார்கள். பெங்களூரில் இருக்கும் மகன் மூன்று அங்குலம் என்றான். டயர் கடைக்காரர் டயரை மட்டும் மாற்றினால் போதும் என்றார். காணொளி போடுகிறவர்களோ ஆளுக்கு ஒன்று சொல்லி, கடைசியில் எதையாவது விற்கிறார்கள். நானே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பழைய டயர் 235/70 R16. புதியது 245/75 R16. விட்டம் 38 மில்லிமீட்டர் கூடுகிறது. வண்டி உயர்வது அதில் பாதி, 19 மில்லிமீட்டர்தான். ஸ்பிரிங்கை மாற்றி, அதற்கு முட்டுக்கொடுக்கும் ஸ்பேசரும் வைத்ததில் இன்னொரு 40. மொத்தம் ஆறு சென்டிமீட்டர் கிடைக்கும். பாறைக்கு அது போதும். அதற்கு மேல் தூக்கினால் வளைவில் வண்டி ஆடும், மற்ற பாகங்களும் தேயும். உயர்த்தும் சாமான் 28,000 ரூபாய், கூலி 4,500. ஸ்டெப்னியோடு ஐந்து டயர் 57,500.

வேலை முடிந்ததும் அரூர் மெக்கானிக் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துக் காட்டினார். டயர் எங்கும் உரசவில்லை.

"ஆறேழு பேர உக்கார வெச்சு ஒருக்கா ஒடிச்சிப் பாத்துரலாங்கய்யா" என்றார்.

"கீழ வரப்போறது மூணு பேரு. ஏழு பேருக்கு நான் எங்கய்யா போவேன்?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை 5.45க்கு அரூரில் கிளம்பினேன். மாதுவின் வீடு வரை 33 கிலோமீட்டர். (பெரிய டயர் போட்டால் மீட்டர் குறைத்துக் காட்டும். நூறு காட்டினால் ஓடியது நூற்றைந்து. நான் கூட்டித்தான் எழுதியிருக்கிறேன்.) அந்தப் பாறை மேல் வண்டி தொடாமல் ஏறியது. இறங்கிக் குனிந்து பார்த்தேன். நான்கு விரல் இடம் இருந்தது. 7.20க்குப் போய்ச் சேர்ந்தேன்.

வீட்டு முன்னால் மாது, பொன்னம்மாள், இன்னும் நான்கு பேர், மூன்று மூட்டை சாமை.

மலையிலிருந்து எந்த வண்டியும் சும்மா கீழே இறங்காது. போகிற வண்டியில் ஏறிக்கொள்வார்கள், மூட்டையை ஏற்றுவார்கள். யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் மறுக்கவும் மாட்டார்கள். பதினைந்து வருஷமாக அந்த மலைக்குப் போகிறேன். இது எனக்குத் தெரியாதா? தெரியும். கணக்குப் போட்ட அன்று மட்டும் நினைவுக்கு வரவில்லை.

7.50க்கு எல்லோரும் ஏறினோம். இறக்கத்தின் முதல் கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடித்து முழுக்க ஒடித்ததும், இடது முன் சக்கரத்தில் கரகரவென்று சத்தம். பாரமும் இறக்கமும் சேர்ந்து முன்பக்கம் அமுங்கி, புது டயர் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பைக் கிழித்துக்கொண்டிருந்தது.

"என்னாங்கண்ணா, ஒசரத்துல தூக்கிட்டோம்னீங்க, இப்பிடிக் கத்துது?" என்றார் மாது.

"பேசாம வா."

பின் இருக்கையில் இருந்த காளியம்மாள், வாய் ஓயாத மனுஷி, கதவைத் திறந்துவிட்டார். "நாங்க குறுக்கால எறங்கி அடுத்த வளைவாண்ட நிக்கறோம். நீங்க உருட்டிக்கிட்டு வாங்க."

நான்கு பேரும் ஒற்றையடிப் பாதையில் இறங்கினார்கள். நான் முன்னும் பின்னும் எடுத்து, பாதி பாதியாக ஒடித்து வளைவைத் தாண்டிப் போனால், அவர்கள் எனக்கு முன்பே அங்கே நிற்கிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் இதே கூத்து.

"வண்டிய வித்துட்டு எங்களாட்டம் நடந்து வந்துருங்க" என்றார் காளியம்மாள்.

அரூரில் நான்கு பேரையும் மூட்டைகளையும் இறக்கும்போது மணி 10.10. தருமபுரி இன்னும் 40 கிலோமீட்டர். மருத்துவமனைக்குள் நுழையும்போது 11.20. சேர்க்கை முடிந்துவிட்டது, அடுத்த தேதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் கவுண்டரில் இருந்த நர்ஸ். நான் சத்தம் போட வாய் திறப்பதற்குள், பொன்னம்மாள் துணி மூட்டையை வைத்துவிட்டு அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நா போவலம்மா. இந்தப் பெஞ்சிலயே இருக்கறேன். நீ எப்பக் கூப்புடறயோ கூப்புடு."

"சரி, ஏன் லேட்டு?"

"வண்டிய ஒசரம் தூக்கிட்டாருங்கம்மா" என்றார் மாது, "அதனால மெள்ளத்தான் வர முடிஞ்சுது."

நர்ஸ் என்னைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார். கால் மணி நேரத்தில் பேர் எழுதிவிட்டார்கள்.

இதே யோசனையில் இருப்பவர்களுக்கு: நாற்பது மில்லிமீட்டர் சரியான அளவு. இன்றும் அதை மாற்ற மாட்டேன், யார் சொன்னாலும். தவறு டயரில்தான். 235/75 போட்டிருந்தால் எட்டு மில்லிமீட்டர் உயரம் குறையும், அவ்வளவே. இப்போது அதைத்தான் மாட்டியிருக்கிறேன். டயரை மாட்டியதும், காசு கொடுப்பதற்கு முன், வண்டி கொள்ளும் அளவுக்கு ஆளும் மூட்டையும் ஏற்றி, இறக்கத்தில் நிறுத்தி முழுக்க ஒடித்துப் பாருங்கள். வீல் அலைன்மென்ட் செய்யுங்கள். முகப்பு விளக்கைத் தாழ்த்துங்கள். ஆர்.டி.ஓ.விடமும் காப்பீட்டுக்காரரிடமும் முன்பே கேளுங்கள்.

மறுநாள் முதல் கண்ணுக்கு அறுவை நல்லபடியாக முடிந்தது. சனிக்கிழமை கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடியோடு பொன்னம்மாளை முன் இருக்கையில் உட்கார வைத்து மேலே கொண்டுபோய் விட்டேன். மண் பாதை தொடங்கிய இடத்தில் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்கண்ணா, இந்த ரோடு இப்பிடியா இருக்குது? இது தெரியாம இத்தன வருசம் நிம்மதியா வந்துட்டுப் போயிட்டிருந்தனே!"