நாலுக்குச் சைபர்

என் மனைவியின் பெயரில் ஒரு கிண்ணம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர்கள் ஊர்ப்பெயரில் வைத்திருக்கும் கழகங்கள் ஒவ்வொரு கோடையிலும் பாரிஸ் புறநகரில் நடத்தும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியின் வெற்றிக் கிண்ணம் அது. இறந்தவர்களின் ஞாபகார்த்தமாகக் கிண்ணம் கொடுப்பது எங்கள் வழக்கம். அவள் போன அடுத்த வருடம் கழகச் செயலாளர் வந்து கேட்டார். நான் ஓம் என்றேன். கிண்ணத்தின் அடிப்பீடத்தில் அவளுடைய படத்தைச் சிறிதாகப் பொறித்தார்கள். படத்தில் அவள் சிரிக்கவில்லை. வதிவிட அட்டைக்காக எடுத்த படம்; சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

அது சுழற்கிண்ணம். வெல்கிற கழகம் ஒரு வருடம் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். கழகங்களுக்கென்று இங்கே கட்டடம் எதுவும் இல்லை. ஆகவே கிண்ணம் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் அந்தந்த ஊர்க்காரரின் கடை ஒன்றில்தான் இருக்கும். முதல் வருடம் அது ஒரு முடிதிருத்தும் கடையில் கண்ணாடிக்கு மேலே இருந்தது. அந்த வருடம் என் தலையில் இருந்த முடிக்கு அளவுக்கு மிஞ்சியே வெட்டிக்கொண்டேன். இரண்டாம் வருடம் நகைக்கடை. அங்கே ஒன்றும் வாங்காமல் உள்ளே போக முடியாது. வெளியே நின்று பார்த்தேன். மூன்றாம் வருடம் கைத்தொலைபேசி திருத்துகிற கடை. நான்காம் வருடம் புடவைக்கடையின் மேல் தட்டு, பொம்மைக்குப் பின்னால். கைப்பிடி ஒன்று மட்டும் தெரிந்தது.

எங்கள் கழகத்துக்கு அது ஒருமுறையும் வரவில்லை. நான்கு வருடமும் நாங்கள் இறுதியாட்டத்துக்குப் போனோம். நான்கு வருடமும் தோற்றோம். எங்கள் கோல்காப்பாளர் என் மகன்.

ஒரே பிள்ளை. நாற்பது கடந்துவிட்டது. வில்லியே லே பெல்லில் மனைவியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் இருக்கிறான். காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலை. கோல்காப்பாளருக்கு நாற்பது பெரிய வயதில்லை என்று சொல்வான். எனக்கு அவனுடைய முழங்காலைப் பற்றிக் கவலை. தோள்மூட்டைப் பற்றியும் கவலை.

நான்கு இறுதியாட்டத்திலும் மேடையில் நின்று எதிரணித் தலைவனுக்குக் கிண்ணத்தைக் கொடுத்தவன் நான். ஒலிபெருக்கியில் 'அமரரின் கணவர் வழங்குவார்' என்பார்கள், எழும்பிப் போய் வழங்குவேன். தோற்றவர்களின் வரிசையில் மகன் நிற்பான். பிறகு அவனையும் கூப்பிடுவார்கள். தொடரின் சிறந்த கோல்காப்பாளருக்கு ஒரு சிறிய கேடயம் உண்டு. நான்கு வருடமும் அது அவனுக்குத்தான். அந்த நான்கும் மார்க்ஸ் டோர்மோயில் என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இருக்கின்றன. பெட்டி ஓடத் தொடங்கினால் நான்கும் கிலுகிலுக்கும். கடதாசி மடித்து அடியில் வைத்தும் பார்த்தேன். நிற்கவில்லை.

ஊரில் நான் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், புள்ளிவிபரப் பகுதியில் எழுதுவினைஞனாக இருந்தவன். இங்கே வந்து உணவகங்களில் கோப்பை கழுவியபோதும் எண்ணிக்கொண்டேதான் கழுவினேன். எனவே கழகத்தில் ஏதாவது கணக்கு என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். இந்தக் கோடையில் குழு ஆட்டங்களும் அரையிறுதியும் முடிந்து, ஐந்தாவது முறையாக இறுதியாட்டத்துக்கு வந்திருந்தோம். இடையில் ஒரு நாள் செயலாளர் கூப்பிட்டார். அவருக்குப் பலசரக்குக் கடை. பின்பக்கம், அரிசி மூட்டைகள் அடுக்கிய இடத்தில்தான் கழகக் கூட்டங்கள் நடக்கும். பயிற்சியாளரும் இருந்தார். இங்கே பிறந்தவர், முப்பது வயது. எந்த நாட்டு விளையாட்டையும் விடாமல் பார்ப்பவர்.

"அண்ணை, இருங்கோ. அந்த மூட்டையிலை வேண்டாம், அது கிழிஞ்சது," என்றார் செயலாளர்.

வேறு மூட்டையில் இருந்தேன். அதுவும் கொஞ்சம் கிழிந்துதான் இருந்தது.

"பொடியள் ஒரு மாதிரிக் கதைக்கிறாங்கள், அண்ணை."

"என்னவாம்?"

"உங்கடை மகன் நிண்டால் கிண்ணம் வராதாம்."

பயிற்சியாளர் முன்னால் சாய்ந்தார். "அங்கிள், அவர் திறமான கீப்பர். அதிலை கதையில்லை. ஆனா பைனல் எண்டு பாத்தா நாலுக்குச் சைபர். வுவாலா. அமெரிக்காவிலை அவையளின்ரை புட்போலிலை குவாட்டர்பேக் எண்டு இருக்கினம். அவையை இப்பிடித்தான் பாக்கிறது. வருசம் முழுக்க என்ன வெட்டி விழுத்தினாலும் சரி, கடைசிலை நொக்-அவுட் ஆட்டங்களிலை எத்தினை வெண்டனி எண்டுதான் கேப்பாங்கள்."

"அந்த ஆள் என்ன செய்யிறவர்?"

"பந்தை எறியிறவர். முழு டீமும் அவற்றை கையிலை."

"மற்றப் பக்கம் அடிக்க வரேக்கை அவர்தான் மறிக்கிறவரோ?"

"இல்லை, அதுக்கு வேறை ஆக்கள் இறங்குவினம். அப்ப அவர் வெளியிலை."

"வெளியிலை எண்டால்?"

"கோட்டுக்கு அங்காலை வாங்கிலை குந்தியிருப்பர். தண்ணி குடிச்சுக்கொண்டு."

"அப்ப பாதி ஆட்டத்திலை அவர் இல்லை."

"பாதி எண்டு..." அவர் யோசித்தார். "ஓம், கிட்டத்தட்டப் பாதி."

"அவர் வாங்கிலை இருக்கேக்கை மற்றவங்கள் அடிச்சு வெண்டால், அது ஆற்றை கணக்கிலை?"

"அவற்றை கணக்கிலை."

செயலாளர் சிரித்துவிட்டார். "அண்ணை துவங்கிட்டார். டேய் தம்பி, இனி உனக்குச் சோதனைதான்."

நான் சிரிக்கவில்லை. என் கணக்கைச் சொன்னேன். நான்கு இறுதியாட்டத்திலும் சேர்த்து எங்களுக்கு விழுந்தது மூன்று கோல். நாங்கள் அடித்தது ஒன்றே ஒன்று. இரண்டு தோல்வி ஒன்றுக்குப் பூச்சியம், மற்ற இரண்டும் சமநிலையில் முடிந்து தண்ட உதையில் போனவை.

"ஒரு கோல் அடிச்சுக்கொண்டு போய் நாலு பைனல் வெல்லச் சொல்லுறியள். கீப்பர் என்ன செய்யிறது?"

"பெனால்டியிலை ஒண்டைப் பிடிச்சிருக்கலாமே, அங்கிள்."

"ரெண்டாம் வருசம் ரெண்டு பிடிச்சவன். எங்கடை ஆக்கள் மூண்டை வானத்துக்கு அடிச்சவை. அதிலை ஒண்டு நீர்."

பயிற்சியாளர் தன் காலணியைப் பார்த்தார். அந்த வருடம் அவர் விளையாட்டுக்காரர்.

செயலாளர் மெதுவாகச் சொன்னார். "கணக்குச் சரி, அண்ணை. நான் பிழை சொல்லேல்லை. ஆனால் சொல்லுறது தகப்பன். கிண்ணமும் உங்கடை. மகனையே கோலுக்கை விட்டு இந்த முறையும் தோத்தால் என்ன கதைப்பினம்? வெண்டால்கூட என்ன கதைப்பினம், சொல்லுங்கோ?"

மூட்டைக் கிழிசலால் சிந்திய அரிசியைக் கையால் கூட்டினேன்.

இறுதியாட்டத்துக்குப் புதுப் பையன் நிற்பது என்று முடிவாயிற்று. ஊரிலிருந்து போன வருடம் வந்தவன், மாற்றுக் கோல்காப்பாளர். குழு ஆட்டங்களில் ஒன்றிலும் இறங்கவில்லை. அதனால் தோற்றதும் இல்லை. எழும்பும்போது செயலாளர் என் முழங்கையைப் பிடித்தார்.

"நீங்களே ஒருக்கால் மகனுக்குச் சொல்லிவிடுங்கோ, அண்ணை. நாங்கள் சொன்னால் நல்லாயிராது."

ஒரு கட்டு வல்லாரையும் தந்துவிட்டார்.

மகனோடு தொலைபேசியில் கதைத்தேன். முதலில் காலநிலை பற்றிச் சொன்னேன், பிறகு வல்லாரையைப் பற்றி.

"தெரியும், அப்பா. வாட்ஸ்அப்பிலை போட்டுட்டினம்," என்றான்.

"எப்ப?"

"நீங்கள் அங்கை இருக்கேக்கையே."

"நான் கணக்குச் சொன்னனான்."

"சொல்லியிருப்பியள்." பின்னால் சின்னப் பேத்தி பிரெஞ்சில் எதையோ கேட்டு அழுதுகொண்டிருந்தாள். "அந்தத் தம்பியின்ரை கையுறை சரியில்லை. என்ரையைக் குடுத்துவிடுறன்."

"உனக்கு ஒண்டும் இல்லையே?"

"எனக்கென்ன. அம்மாவின்ரை கிண்ணத்தை ஒருக்கால் தூக்கிப் பாக்கலாம் எண்டு நினைச்சன். சரி, விடுங்கோ."

விட்டோம்.

அவனுக்கு இப்படித் தீர்ப்புச் சொல்லப்படுவது முதல்முறை இல்லை. அவன் தாய்க்குச் சிறுநீரகம் பழுதாகி வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. மூன்று வருடம். ஒவ்வொரு முறையும் கொண்டுபோனவனும் கூட்டிவந்தவனும் அவன்தான். நான் பெருக்கிப் பார்த்திருக்கிறேன், இங்கே எழுதவில்லை. கடைசி நாள் அவன் வேலையிலிருந்து வரும் வழியில் ரயிலில் இருந்தான். பால் விட்டவன் நான். செத்தவீட்டில் என் மைத்துனி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "ஒரே பிள்ளை. தாயின்ரை வாயிலை ஒரு சொட்டுப் பால் விட அவனுக்குக் குடுத்து வைக்கேல்லை." அங்கிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அந்த மூன்று வருடத்தை ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போதும் அந்த நாளை நினைத்தால் அறையின் யன்னல் திரை மட்டும்தான் ஞாபகம் வருகிறது. மஞ்சள் நிறம்.

இறுதியாட்டம் லெ பிளாங்-மெனில் பக்கத்து மைதானத்தில் நடந்தது. என்னை மேடையில் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தினார்கள். வெயில். இருந்தும் கம்பளித் தொப்பியைக் கழற்றவில்லை. காற்று காதுக்குள் போனால் எனக்கு ஆகாது. ஒலிபெருக்கி வயர் புல்லில் குறுக்கே கிடந்தது. யாராவது தடக்கி விழுவார்கள் என்று இரண்டு பேரிடம் சொன்னேன். கிண்ணம் என் பக்கத்து மேசையில், வெள்ளைத் துணியில் இருந்தது. புடவைக்கடைக்காரர் அப்படியே கொண்டுவந்திருந்தார். தூசி.

மகன் எங்கள் கோலுக்குப் பின்னால் தண்ணீர்ப் போத்தல்களோடு நின்றான்.

முதல் கோல் எங்களுக்கு விழுந்தது. நேரே கைக்கு வந்த பந்து, பையனுடைய கைகளுக்கிடையால் போயிற்று.

"டேய் கீப்பர், கையுறைக்குள்ளை நல்லெண்ணெய் விட்டனியே?" என்று வேலிப்பக்கமிருந்து ஒருவர் கத்தினார்.

"அது பழைய கீப்பரின்ரை கையுறை, அண்ணை! அவற்றை ராசி அதுக்குள்ளை கிடக்கு!" என்று இன்னொருவர்.

சிரித்தார்கள். மகனுக்கும் கேட்டிருக்கும். அவன் போத்தல் மூடியைத் திருகிக்கொண்டு, "வலப்பக்கம் வா, தம்பி, வலப்பக்கம்," என்று பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பிறகு எங்கள் முன்வரிசைக்கு என்ன நடந்ததோ தெரியாது. நான்கு வருடத்தில் ஒன்று அடித்தவர்கள் அன்று மூன்று அடித்தார்கள். எங்களுக்கு இன்னும் ஒன்று விழுந்தது. மூன்றுக்கு இரண்டு. ஒரே ஆட்டத்தில் இரண்டு கோல். என் மகனுக்கு எந்த இறுதியாட்டத்திலும் ஒன்றுக்கு மேல் விழுந்ததில்லை. அதை யாரிடமாவது சொல்லலாம் என்று திரும்பிப் பார்த்தேன். மேடையில் ஒருவரும் இல்லை. எல்லோரும் மைதானத்துக்குள் ஓடியிருந்தார்கள். பையனைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள்.

'அமரரின் கணவர் வழங்குவார்' என்றார்கள். வழங்கினேன். இந்த முறை எங்கள் அணித் தலைவனுக்கு. சிறந்த கோல்காப்பாளர் கேடயம் அந்தப் பையனுக்குப் போயிற்று. குழு ஆட்டங்களிலும் அரையிறுதியிலும் ஒரு கோலும் விடாமல் நின்றவனைப் பற்றி அறிவிப்பாளர் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். நேரம் போய்விட்டது, பாட்டுக் கச்சேரிக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். மகனைத் தேடினேன். அவன் கோல் வலையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தான். கிண்ணத்தோடு படம் எடுக்கும்போது அணியில் யாரோ கூப்பிட்டார்கள். கையைக் காட்டி, எடுங்கோ எடுங்கோ என்றான்.

பயிற்சியாளர் என்னிடம் வந்தார். "பாத்தியளே, அங்கிள்? தம்பிக்கு பைனல் ஒண்டுக்கு ஒண்டு."

"ஓம்," என்றேன்.

இப்போது கிண்ணம் செயலாளருடைய பலசரக்குக் கடையில், பால்மா டின்கள் அடுக்கிய தட்டின் உச்சியில் இருக்கிறது. வீட்டிலிருந்து நடக்கிற தூரம். நான் எப்படியும் மரக்கறிக்குப் போகிற கடைதான். இந்த வருடம் காரணம் தேட வேண்டியதில்லை. அதைப் பார்க்கும்போது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. தோன்றும் என்று நினைத்திருந்தேன்.

சில வாரம் கழித்துச் செயலாளர் வெங்காயம் நிறுத்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணை, வாற வருசத்துக்கு ஒரு யோசினை. குறூப் ஆட்டமெல்லாம் உங்கடை மகன். பைனலுக்கு அந்தத் தம்பி. அவனுக்கு ராசி இருக்கு. இவருக்கு நிதானம் இருக்கு. ரெண்டும் வேணும் எங்களுக்கு. கேட்டுப் பாருங்கோவன்."

அன்று பின்னேரமே கேட்டேன். கேட்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், அவனுக்கோ எனக்கோ.

"ஓம் எண்டு சொல்லுங்கோ, அப்பா," என்றான்.

"யோசிச்சுச் சொல்லன்."

"யோசிக்க என்ன இருக்கு. ஆரும் நிக்கத்தானே வேணும்." பிறகு கேட்டான்: "கிண்ணத்தை எங்கை வைச்சிருக்கினம்?"

"பால்மா டின்னுக்கு மேலை."

"துடைக்கிறவையோ?"

"இல்லை. அண்டைக்கு இருந்த தூசி அப்பிடியே கிடக்கு."

அந்தச் சனிக்கிழமை அவன் வந்தான். கடையில் ஏணியை இரவல் கேட்டு வாங்கி ஏறி, கிண்ணத்தை இறக்கினான். செயலாளர் கல்லாவிலிருந்து, "மெதுவா, மெதுவா, கைதவறிப் போடப்போறீர்," என்றார். கல்லாவடியில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் அரிசி மூட்டையில் இருந்து, கொண்டுவந்த துணியால் கைப்பிடிகளைத் துடைத்தான், பிறகு உள்ளே, பிறகு அடியில் படத்தை. ஏணியின் ஒரு கால் ஆடியது. நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் ஏறி, படம் முன்பக்கம் பார்க்கும்படி கிண்ணத்தைத் திருப்பி வைத்துவிட்டு இறங்கினான்.

"கிழமைக்கு ஒருக்கால் வாறன்," என்றான் செயலாளரிடம். "ஏணியை இஞ்சையே விடுங்கோ."