திரியாய் என்று எழுதிய துண்டு

இந்தத் தீவைப் பற்றிப் புதிதாக அறிய வருகிறவர் கையில் ஒரு படத்தைக் கொடுத்து, சுற்றிக் கடல், நடுவில் மலை, அதிலிருந்து நாலாபக்கமும் ஆறு என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பொய் இல்லை. ஆனால் யேசுரட்ணத்தைக் கேட்டிருந்தால் அந்தப் படத்தை மடித்து வைக்கச் சொல்லியிருப்பார். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கிற வேலை அவருக்கு. முன்னால் சுவரோடு ஒரு மரத்தட்டு, அதில் அறுபது சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஊர்ப்பெயர் எழுதிய மட்டைத் துண்டு. அவருக்கு அதுதான் இலங்கை.

மேல் வரிசையில் யாழ்ப்பாணம், பருத்தித்துறை, வவுனியா. நடுவில் கண்டி, ஹற்றன், பதுளை. குனிந்து போடவேண்டியவை காலியும் மாத்தறையும். ஹற்றனிலிருந்து வருகிற கடிதங்களில் அனேகமாக ஒரே கையெழுத்துத்தான் இருக்கும்; எழுதத் தெரிந்த ஒருவர் தேயிலைத் தோட்டத்து லயம் முழுவதற்கும் எழுதிக் கொடுத்திருப்பார். யாழ்ப்பாணத்தார் தபாலட்டையின் விளிம்பில்கூட இடம் விடமாட்டார்கள். தோப்பூர் முஸ்லிம்களின் அட்டைகளில் உச்சியில் 786 என்று இருக்கும். தெற்கிலிருந்து வருபவற்றில் வட்ட வட்டமான சிங்கள எழுத்து. இருபத்திரண்டு வருசம் இத்தனை ஊருக்கும் முன்னால் நின்ற மனிதர் கந்தளாய்க்கு அப்பால் ஒருநாளும் போனதில்லை. கேட்டால், “நான் ஏன் போகோணும்? எல்லா ஊரும் என்னட்டத்தானே வருது” என்பார்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை மறுபடி மூண்டது. வடக்குக் கரையோர ஊர்கள் வெறிச்சோடின. திரியாய்ச் சனத்தில் ஒரு பகுதி உப்புவெளிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் அகதிகளாக ஒண்டிக்கொண்டது. பஸ் ஓடவில்லை, தபால் பையும் போகவில்லை. ஆனால் கடிதம் வருவது நிற்கவில்லையே! சவூதியிலிருந்து, கொழும்பிலிருந்து, சிறையிலிருந்து எல்லாம் வந்தன. எல்லாவற்றிலும் திரியாய் என்றுதான் எழுதியிருந்தது. வேறு என்னத்தை எழுதுவார்கள்?

யேசுரட்ணம் ஒரு வேலை செய்தார். பூசை முடிந்து வருகிறபோது, சந்தையில் மீன் வாங்குகிறபோது, யார் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து வைத்துக்கொள்வார். திரியாய் அறையில் விழுந்த கடிதங்களின் மூலையில் பென்சிலால் ‘மூன்றாம் வகுப்பறை’, ‘கிணற்றடிக் கொட்டில்’ என்று எழுதி, தபால்காரர் முஹம்மது தம்பியிடம் கொடுப்பார். ஒரு கடிதமும் தவறவில்லை.

அடுத்த வருசம் கனகசுந்தரம் புதுத் தபாலதிபராக வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமுடியாது, பயந்த மனிதர். பயந்தவர்கள் கையில் சட்டப் புத்தகம் கிடைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

“திரியாயில சனம் இல்லை. சனம் இல்லாத ஊருக்கு அறை எதுக்கு? வாற கடிதத்தை எல்லாம் அனுப்பினவருக்கே திருப்பி விடுங்கோ. அந்தத் துண்டைக் கழட்டுங்கோ” என்றார்.

“என்னால ஏலாது, ஐயா.”

“மேலிடத்து உத்தரவு, யேசுரட்ணம்.”

“மேலிடத்தில இருக்கிறவை வந்து கழட்டட்டும்.”

கனகசுந்தரம் முகம் சிவக்கத் தன் அறைக்குள் போனார். அன்றைக்கு வந்த பையில்தான் அந்தப் பதிவுத் தபால் இருந்தது. பெறுநர் புஸ்பராணி, திரியாய். அனுப்பினது காலிப் பக்கத்துத் தடுப்பு முகாம். புஸ்பராணியின் புருசன் இராசதுரையை ஆமி பிடித்துப் பதினாலு மாதம். உயிரோடு இருக்கிறானா என்றே அவளுக்குத் தெரியாது. இதைத் திருப்பி அனுப்பவா? யேசுரட்ணம் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் சைக்கிளை எடுத்தார்.

பள்ளிக்கூட அகதி முகாமில் புஸ்பராணி கையெழுத்து வைத்துக் கடிதத்தை உடைத்தாள். சிங்களம். அங்கே தபால் கொடுக்க வந்திருந்த முஹம்மது தம்பி வாசித்துச் சொன்னார்: இந்த மாதம் முடியுமுன் மனைவி அடையாள அட்டையோடு நேரில் வந்து பொறுப்பேற்றால் விடுவார்கள். ஒன்பது நாள் இருந்தது.

“காலி எங்க இருக்கு?” என்றாள் புஸ்பராணி. அவள் திருகோணமலைப் பட்டணத்தைத் தாண்டியதே இல்லை.

யேசுரட்ணம் நிலத்தில் குந்திக்கொண்டு ஒரு ஈர்க்கால் மணலில் கீறினார். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல், கொழும்பு, அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே. எங்கே பஸ் மாறவேண்டும், எங்கே ஆமிக்காரன் இறக்கிச் சோதிப்பான், எந்த ஊரில் தமிழ் கேட்டால் திரும்பிப் பார்ப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். போகாத ஊருக்கெல்லாம் வழி சொன்னார், அதுவும் சரியாக.

“பொட்டை மட்டும் அழிச்சிட்டுப் போங்கோ, தங்கச்சி. வழியில கரைச்சல் குறையும்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “பொட்டை அழிச்சிட்டுப் போய்ப் புருசனைத் தாங்கோ எண்டு கேக்கிறதோ, அண்ணை?”



ஒரு பிழை மட்டும் விட்டார். கடிதம் காலியிலிருந்து வரப் பதினைந்து நாள் எடுத்திருக்கிறது. அப்படியென்றால் மனிதர் போக எப்படியும் ஐந்து நாள் வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டார். தூரத்தைத் தபாலை வைத்து அளக்கிறவருக்கு வேறு என்ன தெரியும்? முகாமே நிவாரணச் சீனியையும் மாவையும் சேர்த்துப் பொரிவிளாங்காய் உருண்டை பிடித்து, ஐந்து நாளுக்கென்று ஒரு தகரம் நிறையக் கொடுத்தது.

புஸ்பராணி இரண்டாம் நாளே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆனால் வாசலில் ‘இன்றைக்குப் போ, நாளைக்கு வா’ என்று நான்கு நாள் இழுத்தார்கள். அவள் அசையவில்லை. பொட்டோடு வாசலுக்கு நேரே இருந்தாள். பக்கத்தில் மாத்தறையிலிருந்து மகனைத் தேடி வந்த ஒரு சிங்களத் தாய் இருந்தாள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவில்லை. தகரத்தில் இருந்ததை இருவரும் பங்கிட்டுத் தின்றார்கள். வாசலில் இருந்த ஐந்தாம் நாள் இராசதுரையைத் தள்ளாடாமல் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். அந்தத் தாய் இன்னும் அங்கேயே இருந்தாள். புஸ்பராணி தகரத்தை மிச்சத்தோடு அவள் மடியில் வைத்துவிட்டு வந்தாள்.

இதற்கிடையில் யேசுரட்ணத்துக்குத் தண்டனை கிடைத்துவிட்டது. உத்தரவை மீறினார் என்று விளக்கம் கேட்டுக் கடிதம். தட்டுக்குக் கிட்டப் போகக்கூடாது. இனி யன்னலடியில் முத்திரை விற்கிற வேலை. கனகசுந்தரம் தன் கையாலேயே திரியாய்த் துண்டைக் கழற்றிக் குப்பைக் கூடைக்குள் போட்டார். யேசுரட்ணம் எல்லாரும் பார்க்கக் குனிந்து அதை எடுத்து, தூசி தட்டி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்த புஸ்பராணிக்கு முஹம்மது தம்பி இதைச் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை கந்தோர் திறந்ததும் யன்னலடியில் சனம் வரிசையாக நின்றது. முன்னால் புஸ்பராணி, பின்னால் இராசதுரை, அவர்களுக்குப் பின்னால் முகாமே வந்திருந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடிதம். எல்லாம் பதிவுத் தபால். யேசுரட்ணம் முதல் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். பெறுநர்: புஸ்பராணி, பிள்ளையார் கோயிலடி, திரியாய். திருப்பிப் பார்த்தார். அனுப்புநர்: புஸ்பராணி, பிள்ளையார் கோயிலடி, திரியாய்.

அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. ஒன்றையும் காட்டிக்கொள்ளாமல் முத்திரையை நக்கி ஒட்டினார். நாற்பத்தொரு கடிதங்கள்.

கனகசுந்தரம் ஓடி வந்தார். “இது என்ன விளையாட்டு? உரியவர் இல்லை எண்டு திருப்பி அனுப்புவன்!”

“ஆருக்குத் திருப்பி அனுப்புவியள், ஐயா?” என்றாள் புஸ்பராணி. “அனுப்பினதும் நாங்கள்தான், எடுக்கிறதும் நாங்கள்தான். உரியவர் இல்லை எண்டு எப்படி எழுதுவியள்? இந்தா, முன்னாலதானே நிக்கிறம்.” அடையாள அட்டையை யன்னலில் வைத்தாள். அதில் திரியாய் என்று அரசாங்கமே அச்சடித்திருந்தது. பின்னால் நாற்பது கைகள் நாற்பது அட்டைகளை நீட்டின.

“ஆளில்லாத கடிதம் எண்டு கொழும்புக்கு அனுப்பினியள் எண்டால் நாளைக்கும் கொண்டு வருவம். நாளையிண்டைக்கும் வருவம். எங்களுக்கு இப்ப வயலும் இல்லை, வள்ளமும் இல்லை. கடிதம் எழுத நேரம் கிடக்கு.”

கனகசுந்தரம் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். பதிவுத் தபால் முதலில் அதன் ஊர் அறையில் விழுந்து, அதற்குப் பிறகுதான் உரியவர் கைக்குப் போகவேண்டும் என்றுதான் அதில் இருந்தது. நாற்பத்தொரு கடிதத்தையும் கையில் வைத்துக்கொண்டு தட்டுக்கு முன்னால் போனார். பெயரில்லாத அந்த ஒரு அறை வெறுமையாக இருந்தது.

“யேசுரட்ணம்,” என்றார் கடைசியில், திரும்பாமல், “அந்தத் துண்டு எங்க?”

யேசுரட்ணம் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். கனகசுந்தரம் அதை வாங்காமல், “போய் ஒட்டுங்கோ” என்றார்.

“எனக்குத் தட்டுக்குக் கிட்டப் போக அனுமதி இல்லை, ஐயா,” என்றார் யேசுரட்ணம். “கழட்டினது நீங்கள். நீங்களே ஒட்டுங்கோ.”