ஓடாத சோலார் காற்றாடி

அறிவியல் பாடம் நடத்துகிற வேலையில் பிள்ளைகளுக்கு அளக்கச் சொல்லிக்கொடுப்பது சுலபம். அளந்ததைப் பெரியவர்கள் மண்டையில் ஏற்றுவதற்குள் நமக்குத் தலை நரைத்துவிடும். சாக்பீஸ் தூளை விழுங்கித் தொண்டை கட்டிப்போன சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

சூரியன் எந்தப் பக்கம்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மலேசியாவில், கேரி தீவில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இருந்தேன். தோட்டத்து ஜெனரேட்டர் மாலையில்தான் ஓடும். பகலெல்லாம் தகரக் கூரைக்குக் கீழே என் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் வெந்துகொண்டிருந்தார்கள். ஒரு கம்பெனி மனமிரங்கி, சோலார் பலகை ஒன்றும் அதில் ஓடும் காற்றாடி, அதாவது மின்விசிறி, ஒன்றும் நன்கொடையாகக் கொடுத்தது. பிள்ளைகளுக்குத் தீபாவளி முன்கூட்டியே வந்துவிட்டது.

பின்பக்கக் கூரையில் நாள் முழுக்க வெயில் அடிக்கும். முன்பக்கம் கூரைமேல் கவிந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரம். பலகையை முன்பக்கம்தான் மாட்டினார்கள், ஒய்.பி. என்கிற சட்டமன்ற உறுப்பினர் வரும் திறப்பு விழா போட்டோவில் விழவேண்டுமாம். மரத்தைக் காட்டி நான் வாயைத் திறந்ததும் தலைமையாசிரியர் அடக்கிவிட்டார்.

"டீச்சர், ஒய்.பி. முன்வாசல் வழியாத்தான் வருவாரு. சூரியன் எந்தப் பக்கம் வேணும்னாலும் வந்துட்டுப் போகட்டும்."

காக்காவுக்குத் தெரியாத பெயர்

காற்றாடி காலையில் ஜோராகச் சுற்றும். ஓய்வு நேரம் முடிந்து பிள்ளைகள் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வரும்போது, பலகைமேல் மர நிழல் விழுந்து படுத்துவிடும். சரி, பாடமாவது மிஞ்சட்டும் என்று பலகையோடு வந்த மின்சார மீட்டரை மணிக்கொரு தரம் பார்த்து எழுதி வரைபடம் போடச் சொல்லிக்கொடுத்தேன். கலைவாணி என்ற பெண் அதைப் பிடித்துக்கொண்டாள். அவள் போட்ட கோடு காலையில் ஏறும். நிழல் வந்ததும் கிணற்றில் விழுந்த மாதிரி விழும்.

பலகையைப் பின்பக்கம் மாற்றினால் காற்றாடி நிற்காது என்று அவளே கண்டுபிடித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வரைபடத்தோடு அவளைத் தலைமையாசிரியரிடம் கூட்டிப்போனேன். அவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"பின்பக்கம் மாட்டினா கம்பெனி பேரை யாரு டீச்சர் படிப்பா? காக்காவா?"

ஷா ஆலமில் மார்க்கு

அந்த வரைபடத்தோடு ஷா ஆலமில் நடந்த அறிவியல் கண்காட்சிக்குப் போனோம். பக்கத்து மேசையில் ஒரு டவுன் பள்ளி. அவர்கள் வரைபடம் மலை மாதிரி அழகாக ஏறி இறங்கியது. அவர்களுடைய பலகை இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை என்று அந்தப் பள்ளி ஆசிரியரே என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். முதல் பரிசு அவர்களுக்குத்தான்.

எங்கள் கோடு ஏன் விழுகிறது என்று கலைவாணி திக்காமல் திணறாமல் விளக்கினாள். நடுவராக வந்த அதிகாரி அவளைப் பாதியில் நிறுத்தினார்.

"நெழல் கதையெல்லாம் வேணாம் லா, பாப்பா. புக்ல இருக்கிற மாதிரி வந்தாத்தான் மார்க்கு."

கடைசியில் பார்த்துவிட்டார்

பரிசு இல்லாமல் திரும்பியது தலைமையாசிரியருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. அப்போதுதான் வரைபடத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மர நிழல்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டார். நானும் ஒரு முட்டாள், சந்தோஷப்பட்டேன்.

அடுத்த வாரம் மேரு டவுனிலிருந்து ஒரு லோரி வந்தது. பலகையை மாற்ற ஏணி வரும் என்று பார்த்தால், இறங்கியது மரம் அறுக்கிற மிஷின். ஓடிப்போய்த் தலைமையாசிரியரிடம் சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் கேட்டதைத்தானே செய்கிறேன் என்றார். மத்தியானத்துக்குள் மரம் துண்டு துண்டாக லோரியில் ஏறிவிட்டது.

இப்போது கோடு மலை மாதிரி வந்தது. காற்றாடி நிற்காமல் ஓடியது. நிழல் போன தகரம் அடுப்பாகக் காய, காற்றாடி அந்த அனலை அள்ளிப் பிள்ளைகள் முகத்தில் வீசியது. ஓய்வு நேரத்தில் கலைவாணி சாப்பாட்டு டப்பாவோடு, மொட்டையாக நின்ற அடிமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிராஃப் சரியா வருது டீச்சர். இனிமே நாங்க எங்க உக்காந்து சாப்புடுறது?"

அளந்து காட்டினால் பலகையை நகர்த்த மாட்டார்கள், மரத்தைத்தான் வெட்டுவார்கள் என்பதே நான் நடத்திய சூரிய சக்திப் பாடத்தின் சுருக்கம்.