மிளகாய்க்குக் கவ்வாத்து

போன கிழமை எங்கள் ஊர் முதியோர் சங்கத்தில் விழா வைத்தார்கள். பொதுநோக்கு மண்டபத்தில் எங்களைப் பிளாஸ்ரிக் கதிரைகளில் வரிசையாக இருத்தி, ஆளுக்கொரு காகிதப் பூவைக் குத்திவிட்டு, கண்ணாடி போட்ட ஒரு தம்பி ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "முதுமையைக் கொண்டாடுவோம், சுறுசுறுப்பாய் இருப்போம்" என்று மூன்று தரம் சொன்னார். எங்களையும் சொல்லச் சொன்னார். சொன்னோம். பிறகு ஆண்களுக்குத் தேசிக்காய் ஓட்டம். கரண்டியை வாயில் கவ்விக்கொண்டு, அதில் தேசிக்காயை வைத்து ஓட வேண்டும். கவ்வுவதற்குப் பல் வேண்டாமா? முதலாவதாக வந்தவர் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தார். யாரும் கேட்கவில்லை. பெண்களுக்குச் சங்கீதக் கதிரை. பாட்டுத் தொடங்கியும் நான் இருந்த கதிரையை விட்டு அசையவில்லை.

"அம்மா, எழும்பி ஓடுங்கோ."

"நான் ஓடினது காணும் தம்பி, போதும்" என்றேன். அவருக்கு விளங்கியதோ தெரியாது, சிரித்துவிட்டுப் போனார்.

மண்டபத்து வேலிக்கு நிற்கிற கிளிசறியாவை அன்று காலையில்தான் பிள்ளைகள் வெட்டி மட்டமாக்கியிருந்தார்கள். வெயில் ஏற, வெட்டுப்பட்ட பச்சைத் தண்டின் மணம் யன்னல் வழியாக உள்ளே வந்தது. சிலருக்கு மல்லிகை மணத்தில் கலியாண நாள் ஞாபகம் வருமாம். எனக்குப் பச்சைத் தண்டு மணத்தில் மாமாதான் வருவார். மாமா என்றால் என் வீட்டுக்காரரின் அப்பா. அதற்குப் பிறகு விழாவில் யார் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

உங்களுக்கு அவசரமில்லாமல் ஆறுதலாகச் சொல்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து மெல்லத்தான் வரும்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தை விட்டு மாங்குளம் ஸ்டேசனில் வந்து இறங்கினோம். நான், அவர், மாமா, என் வயிற்றில் மூத்தவன். எங்களோடு ஒரு தகரப்பெட்டியும் ஒரு அம்மியும். வீட்டையே விட்டுவிட்டு வருகிறவர்கள் அம்மியை ஏன் தூக்கிக்கொண்டு வந்தோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதை மாமா தோளில் வைத்துக்கொண்டார். "குடுங்கப்பா" என்று மகன் கேட்டதற்கு, "ஒனக்கு இடுப்புப் புடிச்சுக்கும்" என்றார். பஸ் வரும்வரை அம்மியோடு நின்றார். இறக்கி வையுங்கள் என்று நான் சொன்னேன். "எறக்கி வச்சா, திரும்பத் தூக்க முடியலைன்னு நெனச்சுக்குவானுக" என்றார். அந்த வெயிலில் எங்களைப் பார்க்க ஸ்டேசனில் ஒரு நாய்தான் படுத்திருந்தது.

மாமாவுக்கு வயது என்ன என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தோட்டத்தில் அரிசி வாங்குகிற துண்டில் ஐம்பத்தைந்து என்று இருந்தது. விசுவமடுவில் எங்களைப் பதிய வந்த ஊர் அதிகாரி விதானையாரிடம் ஐம்பத்துநான்கு என்றார்.

"பெரியவர், இந்தத் துண்டிலை அம்பத்தைஞ்செண்டெல்லோ கிடக்குது?"

"அது மலையில போட்டதுங்க. அங்கின குளிரு. ஆளு சீக்கிரமா கெழண்டு போயிருவான்."

விதானையார் சிரித்துக்கொண்டே ஐம்பத்துநான்கு என்று எழுதிக்கொண்டு போனார்.

எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. காரணம் எனக்குத் தெரியும். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்றுதான் சொல்வார்கள். விடிய ஐந்து மணிக்குப் பிரட்டுக்களத்தில் போய் நின்று, கங்காணி பேரைக் கூப்பிடும்போது "வந்தேன்" என்று சொல்லி, முழு வேலையும் முடித்தால் ஒரு பேர். உடம்புக்கு முடியாமல் பாதியில் வந்தாலும், வயது போனவர்களுக்கும் அரைப்பேர். மாமா கவ்வாத்து வெட்டுகிற ஆள். தேயிலைச் செடி வயதேறினால் அதை மட்டமாக வெட்டி மொட்டையாக விடுவார்கள். பிறகு அது புதிதாகத் துளிர்க்கும். அதுதான் கவ்வாத்து. முப்பது வருடம் சரிவில் அந்தக் கத்தியோடு நின்றவருக்குக் கடைசி வருடம் கங்காணி அரைப்பேர் போட்டுவிட்டான். இதை மாமா ஒரே ஒரு தரம், நான் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது, என்னிடம் சொன்னார். மகனுக்குச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

விசுவமடுவில் எங்களுக்குக் கிடைத்தது காடு. அதை வெட்டி, வேர் கிளப்பி, கிணறு தோண்டித்தான் தோட்டமாக்கினோம். இங்கே தோட்டம் என்றால் தேயிலை இல்லை, மிளகாய். அதை எப்படி நடுவது, எப்போது தண்ணீர் கட்டுவது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர் பக்கத்துக் காணித் தம்பித்துரை அண்ணை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர். நல்ல மனிதர், வாய் மட்டும் சும்மா இராது. மாமா காலையில் ஐந்து மணிக்கே எழும்பி, மலையில் மழைக்கும் குளிருக்கும் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் நிற்பார். கச்சான் காற்றில் மண் பறக்கிற ஊரில் அந்தச் சாக்கு.

"எங்கை பெரியவர் மழை பெய்யுது?" என்று வேலிக்கு அங்காலிருந்து தம்பித்துரை அண்ணை கேட்பார்.

"வரும் தம்பி, வரும். வந்தா நீங்கதான் நனைவீங்க."

எழுபத்தொன்பதோ எண்பதோ, ஆவணி மாதம். மிளகாய் அறுநூறு செடி. பழம் நாலு தரம் ஆய்ந்து முடிந்திருந்தது. இலை சுருண்டு செடி களைத்துப் போயிருந்தது, ஆனாலும் ஒன்றிரண்டு பூவும் பிஞ்சும் இருந்தன. இன்னும் ஒரு ஆய்ச்சல் கிடைக்கும் என்று நான் அதைத்தான் நம்பியிருந்தேன். வீட்டுக்காரர் நெல் அருவி வெட்டுக்கு வட்டக்கச்சிப் பக்கம் போயிருந்தார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போய், நிறுத்து, ஊசி போட்டு, அழுகிற பிள்ளையோடு மத்தியானம் திரும்பி வந்தேன். படலைக்கு வர முதலே மணம் வந்தது. பச்சைத் தண்டு மணம், மிளகாய் நெடியோடு. மூக்கும் கண்ணும் எரிந்தன.

தோட்டம் மொட்டை. மாமா நானூறு செடிக்கு மேல் முழங்காலுக்குக் கீழே, சரிவாக, ஒரே அளவாக வெட்டி விழுத்தியிருந்தார். வெட்டின கொப்புகளை வரிசைக்கு வரிசை அழகாக அடுக்கியும் வைத்திருந்தார். வேர்வை வழிய, கத்தியைப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகம். அவர் அப்படிச் சிரித்து நான் முன்பு பார்த்ததில்லை.

"வந்துட்டியா புள்ள? பாரு, எல்லாம் ஒரே மட்டம். செடி கெழண்டு போச்சு, இனித் துளிர்த்து வரும்."

"இது தேயிலையா மாமா? தேயிலையா? பூ இருந்துச்சே! பிஞ்சு இருந்துச்சே!"

"இரு புள்ள, அவசரப்படாத..."

"கங்காணி ஒங்களுக்கு அரைப்பேரு போட்டது சரிதான்!"

நான் அதைச் சொன்னேன். பிள்ளை இடுப்பில் அழுதுகொண்டிருந்தது. வெயில், களைப்பு, கண் எரிவு என்று இன்றைக்குக் காரணம் சொல்லலாம். நான் சொன்னது சொன்னதுதான்.

மாமா கத்தியைச் சாக்கில் துடைத்தார், கூரையில் செருகினார், போய்ப் படுத்தார்.

அடுத்த நாள் ஐந்து மணிக்கு அவர் எழும்பவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. வெயில் ஏறிய பிறகு எழும்பி, வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து அதில் இருந்தார். ஊன்றிக்கொள்ளத் தடி ஒன்று வெட்டித் தரச் சொன்னார். சோறு போட்டால் தின்றார், போடாவிட்டால் கேட்கவில்லை. என்னோடு கோபமாகவும் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அந்தக் கிழமை விதானையார் ஏதோ பதிவுக்கு வந்து வயது கேட்டபோது, "எழுபத்திரண்டு" என்றார் மாமா. விதானையார் என்னைப் பார்த்தார். நான் குசினிக்குள் போய்விட்டேன்.

அருவி வெட்டு முடிந்து வீட்டுக்காரர் வந்தார். தோட்டத்தைப் பார்த்தார், மரத்தடியைப் பார்த்தார். மிளகாயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்பாவ என்னா செஞ்ச?" என்றார்.

தம்பித்துரை அண்ணையும் வந்து பார்த்தார். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தேயிலைக் கொழுந்து ஆயப்போறியள் போலை!" பிறகு குந்தியிருந்து ஒரு தண்டை நகத்தால் கீறினார். உள்ளே பச்சை. "பிடுங்காதை பிள்ளை. உயிர் கிடக்குது. தண்ணியை விட்டுப் பாரன், போறதெண்டால் போகட்டும்."

கிணற்றிலிருந்து வாளியால் அள்ளி நானே ஊற்றினேன். தோள் இரண்டும் கழன்றுவிடும் போலிருக்கும். பாவத்துக்கு ஊற்றினேனா, மிளகாய்க்கு ஊற்றினேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எட்டாம் ஒன்பதாம் நாள் வெட்டுக்குக் கீழே ஊசிமுனையளவு பச்சை தெரிந்தது. இருபது நாளில் செடி செடியாகச் சடைத்தது. நூறு போலச் செத்தும் போனது. நான் போய், "மாமா, துளிர்த்திருக்கு" என்று சொல்லியிருக்கலாம். மன்னிப்பு என் வாயில் வராது. அது என் குறை, இன்றைக்கும் அப்படித்தான். கருவாட்டைப் பொரித்து அவர் சோற்றுக் கோப்பையில் கூடுதலாகப் போட்டேன். அவர் பாதியை ஒதுக்கிவைத்தார்.

தம்பித்துரை அண்ணைதான் போய்க் கேட்டார். "பெரியவர், நான் சிரிச்சது பிழை. என்ரை மிளகாயையும் ஒருக்கா வெட்டி விடுங்கோவன்."

"எனக்கு வயசாயிருச்சு தம்பி. நான் அரைப்பேரு ஆளு."

அடுப்படியில் நின்ற எனக்கு அது கேட்டது. தம்பித்துரை அண்ணை வந்து அதென்ன கதை என்று கேட்க, நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாயில் அன்றைக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

எங்கள் ஆட்களில் மருமகள் மாமனார் பேரைச் சொல்லமாட்டாள். சந்தையில் யாருக்காவது அந்தப் பேர் இருந்தாலும் வேறு மாதிரித்தான் கூப்பிடுவாள். அடுத்த நாள் விடிய ஐந்து மணிக்கு நான் முற்றத்தில் போய் நின்றேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன். கங்காணி மாதிரித் தொண்டையைக் கட்டையாக்கி, "பிரட்டு! பிரட்டு!" என்று கத்தினேன். முதலில் என் பேரை நானே கூப்பிட்டு, நானே "வந்தேன்" என்றேன். வீட்டுக்காரரின் பேரைக் கூப்பிடவில்லை. ஒரே நாளில் இரண்டு பாவம் எதற்கு? பிறகு கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டேன்.

"சிவனாண்டி!"

திரும்பவும் கூப்பிட்டேன்.

"சிவனாண்டி! கவ்வாத்து! முழுப்பேரு!"

"என்னடி, பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று வீட்டுக்காரர் பாயில் எழும்பி இருந்துகொண்டு கேட்டார். வேலிக்கு அங்காலிருந்து, "ஆர் பிள்ளை சிவனாண்டி? விடியக் காலமை என்ன ஆரவாரம்?" என்றார் தம்பித்துரை அண்ணை. இரண்டு வருடம் பக்கத்தில் இருந்தும் அவருக்கு மாமாவின் பேர் தெரியாது.

மாமா வாசலில் வந்து நின்றார். வேட்டியை இறுக்கினார். "எவடி அவ, மாமனார் பேர ஏலம் போடுறவ?"

"நாந்தான் கங்காணி. பிரட்டுக்குப் பிந்துனா இன்னைக்கு வேலை இல்ல."

என்னைப் பார்த்தார், கூரையில் செருகியிருந்த கத்தியைப் பார்த்தார். பிறகு, மெல்ல, "வந்தேன்" என்றார்.

கத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். துளிரை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். வரிசை வரிசையாக நடந்தார், செத்துப்போன செடியிடம் எல்லாம் குனிந்து பார்த்தார். "இதெல்லாம் கீழ வெட்டிட்டேன் புள்ள. மொளகாய்க்கு முழங்காலுக்கு மேல வெட்டணும். தேயிலை வேற, இது வேற" என்றார். இது தேயிலையா என்று நான் கத்தியது ஞாபகம் வந்து சிரிப்பை அடக்கினேன். திரும்பி வரும்போது, "இனிமே பேரச் சொல்லாத. ஒருக்காப் போதும்" என்றார்.

அதற்குப் பிறகு வருடா வருடம் ஆவணியில் எங்கள் தோட்டமும் தம்பித்துரை அண்ணையின் தோட்டமும் மாமாவின் கத்தியால்தான் மொட்டையானது. சனம் வந்து சிரித்தது, பிறகு வந்து கேட்டது. விழாவில் அந்தத் தம்பி சுறுசுறுப்பு என்று சொன்னதை நான் மாமாவிடம் கண்டேன். அதற்குக் கொண்டாட்டம் ஒன்றும் இருக்கவில்லை. முதுகு வளைந்தது, மூச்சு வாங்கியது, ஒரு வரிசை முடிந்ததும் கத்தியை ஊன்றிக்கொண்டு நிற்பார். நிற்கிறதை நாங்கள் பார்க்காத மாதிரிப் போவோம்.

எண்பத்தாறாம் ஆண்டு ஆவணி. விடியத் தொடங்கி வெட்டிக்கொண்டிருந்தவர் பத்து மணி போல வந்து மரத்தடியில் இருந்தார். குடிக்கத் தேயிலைச் சாயத்தண்ணி கேட்டார். கொடுத்தேன்.

"எத்தன வரிசை கெடக்கு புள்ள?"

"ஏழு, மாமா."

"நெஞ்ச அடைக்குது" என்றார். அன்றைக்கு வீதியில் பஸ் இல்லை. வண்டில் பிடிக்க வீட்டுக்காரர் ஓடினார். வண்டில் வர முதல் மாமா போய்விட்டார்.

சனம் வந்தது, அழுதது, பந்தல் போட்டது. பொழுது சாயும் நேரம் தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போனேன். தோட்டத்துக்குள் ஒரு ஆள் குனிந்து நின்றது தெரிந்தது. தம்பித்துரை அண்ணை. தன் வீட்டுக் கத்தியோடு கடைசி வரிசையில் நின்றார். வெட்டு ஒன்றுகூட மட்டமில்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே, மாமா பார்த்திருந்தால் பேசித் தொலைத்திருப்பார். என்னைக் கண்டு நிமிர்ந்தார். முகமெல்லாம் வேர்வையும் மிளகாய் எரிவும்.

"பொழுதுபட முன்னம் ஏழு வரிசையும் முடிச்சுப்போட்டன் பிள்ளை" என்றார். "நீ அவருக்கு முழுசாப் போடு."

அந்த வரிசைகள் இருந்த இடத்தில் இப்போது பற்றைக்காடு. நாங்கள் சண்டைக்குப் பயந்து எத்தனையோ தரம் எழும்பி ஓடி, கடைசியில் திரும்பி வந்தபோது கிணறும் தூர்ந்திருந்தது, மாமாவைப் புதைத்த இடமும் அடையாளம் இல்லை. பக்கத்துக் காணியில் வேறு ஆட்கள். தம்பித்துரை அண்ணை கடைசியாக ஓடின நாட்களில் எங்கள் பின்னால்தான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார், அவருக்கும் அப்போது எழுபதுக்கு மேல். எந்த இடத்தில் விடுபட்டார் என்று எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. கேட்டுப் பார்த்தேன், களைத்துப் போனேன். அவருக்கு மிச்சம் கிடந்த வரிசையை யார் முடித்து வைத்தார்களோ.