ஒவ்வொரு காலையும் வெள்ளையாகிவிட்ட திரை

அந்த மூன்று வாரங்களைப் பற்றி வாயால் சொல்ல ஆரம்பித்தால் என் குரல் உயர்ந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். நாள் தவறாமல் குறிப்பு வைக்கிறவன் நான். கிழமை, நேரம், யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் நோட்டில் இருக்கின்றன. நோட்டில் இல்லாத எதையும் இங்கே சேர்க்கவில்லை.

புதுக்கோட்டையில் ஒரு கட்டடத்தின் மாடியில் எங்கள் கிளை அலுவலகம். கையால் நிரப்பிய காப்பீட்டு விண்ணப்பங்களின் படம் திரையின் ஒரு பாதியில் வரும். அதைப் பார்த்து மறுபாதியில் தட்டச்சு செய்ய வேண்டும். பதினொரு பேர். நானும் தட்டச்சு செய்கிறவன்தான். ஆனால் வயர் செருகத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் கம்ப்யூட்டர் சம்பந்தமான எல்லாம் என் தலையில் விழுந்தது.

எனக்கு அடுத்த இருக்கையில், அன்னவாசலிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண். எனக்குத் தங்கை வயது. நான்கு வருடமாக எங்களில் வேகமானவள். சின்ன வயதில் வந்த நோயில் அவளுடைய இரண்டு கருவிழிகளிலும் தழும்பு விழுந்துவிட்டது. வெள்ளைத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே கண்ணீர் வடியும். அதனால் தன் கணினியில் கறுப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து, பெரிய அளவு, தடித்த அம்புக்குறி என்று எல்லாவற்றையும் தனக்கேற்ப மாற்றி வைத்திருந்தாள். அதோடு சுருக்குகள். ‘அவ’ என்று அடித்தால் அன்னவாசல் என்று விரியும், ‘குகோ’ என்றால் குன்றாண்டார்கோவில். மாவட்டத்தின் ஊர்கள் பெரும்பாலும் அவள் விரல் நுனியில் இரண்டெழுத்தாகவோ மூன்றெழுத்தாகவோ இருந்தன. அவளுடைய வேகம் கண்ணில் இல்லை, அந்தப் பட்டியலில்தான் இருந்தது.

ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை வேன் வந்து பழைய கணினிகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனது. அதற்கு முந்தின நாள் அவளுடைய சுருக்குப் பட்டியலை அச்சிட்டு வைக்கச் சொன்னேன். அது ஒன்றுதான் நான் உருப்படியாகச் செய்த காரியம். திங்கட்கிழமை ஆளுக்கொரு சின்ன டப்பா வந்தது. இனிமேல் கணினி இங்கே இல்லை, சென்னையில் ஒரு கூடத்தில் இருக்கிறது, இங்கே இருப்பது திரையும் விசைப்பலகையும் மட்டும் என்று பயிற்சி கொடுக்க வந்தவர் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: “இந்த டப்பாவுக்குள்ள ஒண்ணுமே இல்ல. கரண்ட் போனாலும் கவலைப்படாதீங்க. மறுபடி வந்ததும் விட்ட எடத்துலருந்து தொடரலாம்.”

கரண்ட் போவது எங்களுக்கு அன்றாடம் நடப்பது. அதனால் அந்த வாக்கியத்தை எல்லோரும் சந்தோஷமாகப் பிடித்துக்கொண்டோம். அன்று மதியமே ஒருமுறை போய், கால் மணி நேரத்தில் வந்தது. அவர் சொன்னபடியே பாதி வார்த்தையில் நின்ற இடத்தில் எல்லாம் அப்படியே இருந்தன.

அன்று சாயங்காலத்துக்குள் அவள் தன் திரையைக் கறுப்பும் மஞ்சளுமாக மாற்றி, பட்டியலிலிருந்து அடிக்கடி வரும் முப்பது சுருக்குகளையும் ஏற்றிவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலை திரை வெள்ளையாக இருந்தது. சுருக்கு ஒன்றுகூட இல்லை. மறுபடி எல்லாவற்றையும் செய்தாள். புதன்கிழமை மறுபடி வெள்ளை.

மற்றவர்களுக்கும் போனது. ஆனால் அவர்களுக்குப் போனது அலங்காரம். மீமிசல்காரர் ஒருவர் தன் மைத்துனரின் படகைத் திரைப் படமாக வைத்திருந்தார். “என் போட்டு தெனம் கடலுக்குப் போகுது, கரைக்குத்தான் வர மாட்டேங்குது” என்று சிரித்துவிட்டு, நாலாம் நாள் அதை வைப்பதையே விட்டுவிட்டார். அவள் விட முடியாது. ஒரு மாதம் தட்டச்சு இலக்குக்குக் கீழே போனால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம், கண்ணில் கைக்குட்டையை ஒற்றிக்கொண்டு, வெள்ளைத் திரையில் தன்னுடைய திரையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

தலைமை அலுவலகத்துக்குப் புகார் அனுப்பினேன். ‘பயனரின் விருப்ப அமைப்பு பற்றியது, அவசரமில்லை’ என்று மூடிவிட்டார்கள். மறுபடி அனுப்பினேன். பயனர் பயிற்சிக் கையேட்டைப் படிக்கவும் என்றார்கள். கையேடு ஆங்கிலத்தில் எண்பது பக்கம். படித்தேன். எப்படி நிறம் மாற்றுவது என்று இருந்தது. அதைத்தான் அவள் தினமும் செய்துகொண்டிருந்தாள். மூன்றாவது புகாருக்கு வந்த பதிலில் ‘புதிய முறைக்கு இந்தக் கிளை ஊழியர்கள் இன்னும் பழகவில்லை’ என்று ஒரு வரி. அந்த வரியை நோட்டில் எழுதியபோது பேனா தாளைக் கிழித்தது. கிழிசல் இன்னும் இருக்கிறது.

தினமும் காலை ஒன்பதரைக்கு அவள் திரையைப் பார்த்து ‘வெள்ளை’ என்று குறிப்பேன். திரும்பத் திரும்ப வரும் தவறுகளில் ஏதோ ஒழுங்கு இருக்கும், தேதி வாரியாக எழுதினால் அது தானே தெரியும் என்பது நான் படித்த புத்தகங்களிலிருந்து எடுத்துக்கொண்ட நம்பிக்கை. இரண்டாம் வாரம் வியாழக்கிழமை ‘மஞ்சள்’ என்று ஒரு குறிப்பு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி வெள்ளை. மூன்றாம் வாரம் சனிக்கிழமை இன்னொரு ‘மஞ்சள்’. அன்று இடைவேளையில் நோட்டைப் புரட்டினேன். முதல் மஞ்சளுக்கு முந்தின நாள், மகன் பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று மதியமே போயிருக்கிறாள். இரண்டாவதற்கு முந்தின நாள் கண் ஆஸ்பத்திரி, அன்றும் அரை நாள். இடையில் எழுந்து போகிறவர்கள் திரையைத் திறந்து போட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது விதி. ஆகவே அந்த இரண்டு நாளும் முறையாக வெளியேறிவிட்டுப் போயிருக்கிறாள்.

மற்ற நாட்களில்?

மற்ற நாட்களில் ஆறு மணிக்கு மெயின் சுவிட்சை இறக்கியது நான்.

முன்பு ஒருமுறை வயர் பொசுங்கி ஸ்டெபிலைசர் எரிந்ததிலிருந்து கட்டடத்துக்காரர் அதில் கண்டிப்பாக இருந்தார். “தம்பி, மெயின எறக்காம ஒருத்தரும் படியெறங்கக் கூடாது” என்பார். பழைய கணினிகள் இருந்தபோது ஒவ்வொருவராக அணைத்து முடிக்கும்வரை காத்திருப்பேன். டப்பா வந்த பிறகு அதற்கு அவசியமில்லை என்று நினைத்தோம். “வெறும் டப்பாவுக்கு என்னண்ணே குட் நைட்டு?” என்றார் மீமிசல்காரர். எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். நான் கைப்பிடியை இறக்குவேன்.

தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தவர் மரியாதையான இளைஞர். விஷயத்தைச் சொன்னதும் உடனே புரிந்துகொண்டார். லாட்ஜ் அறை மாதிரி சார், என்றார். ராத்திரி எல்லா அறையையும் துடைத்துப் புதிதாக்கிவிடுவோம். உங்கள் நிறம், எழுத்து, சுருக்கு எல்லாம் தனியாக ஒரு பெட்டியில். காலையில் பெட்டியைக் கொடுப்போம், போகும்போது திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அதாவது முறையாக வெளியேற வேண்டும். கொடுக்காமல் போனால் அந்தப் பெட்டி பழுதாகியிருக்கும் என்று தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசு கொடுக்கும்படி விதி போட்டிருக்கிறோம்.

“பெட்டி நல்லா இருக்கா இல்லையான்னு பாக்க மாட்டீங்களா?”

“பாத்தா டைம் ஆகும் சார். புதுசு குடுத்துட்டா புகார் கொறையுது.”

“எங்க கிளையில தெனமும் இப்படித்தான் அறுந்துபோகுதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் சார். டெய்லி ஆறு மணிக்கு எங்க ஸ்க்ரீன்ல உங்க பிராஞ்ச் மொத்தமா செவப்பா வரும்.”

“எப்பருந்து?”

“மொத நாள்லருந்தே.”

“ஏன் சொல்லலை?”

“புகார்ல நீங்க அத கேக்கலையே சார்.”

அவர் பொய் சொல்லவில்லை, கிண்டலும் செய்யவில்லை. இதை எழுதும்போதுகூட அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மூன்று வாரம் தினமும் ஆறு மணிக்கு ஒரு சிவப்பு அடையாளத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் எங்களுக்குப் பழக்கம் போதாது என்று பதில் எழுதியிருக்கிறார்கள். எண்பது பக்கக் கையேட்டில் ‘போகும்போது வெளியேறிவிட்டுப் போகவும்’ என்று ஒரு வரிக்கு இடமில்லை. கரண்ட் போனால் கவலைப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனவர், அது அன்றைய நாளுக்கு மட்டும்தான் என்பதைச் சொல்லவில்லை.

அவளிடம் சொன்னேன். என் கைதான் காரணம் என்பதையும் சொன்னேன். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“நோட்டுல தெனமும் என் கலரை எழுதுனீங்களாண்ணே?”

“ஆமாம்மா.”

“என்னைக்காச்சும் இங்கிட்டுத் திரும்பி என்னைக் கேட்டீங்களா? மொத மஞ்சள் அன்னைக்கே கேட்டிருந்தா, நேத்து நான் லாக் ஆஃப் பண்ணிட்டுப் போனேன்னு சொல்லிருப்பேன்ல. அதுலயே ஏழு நாள் மிஞ்சியிருக்கும்.”

அவள் எண்ணிக்கை சரி. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், ஏழு நாள்.

அன்று முதல் ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே ஒவ்வொரு இருக்கையாகப் போய் நின்று, வெளியேறியாயிற்றா என்று பார்த்த பிறகே மெயினை இறக்கினேன். நேரமாகிறது என்று கட்டடத்துக்காரர் படியில் நின்று சத்தம் போட்டார். போடட்டும் என்று விட்டேன். அவள் திரை மறுநாளும், அதற்கு மறுநாளும் மஞ்சளாகவே இருந்தது. நான்காம் வாரத்தில் தன் பழைய வேகத்தைத் தாண்டினாள். ஆனால் இலக்குக் கணக்கு மாதம் முழுவதற்கும். நான் இரண்டு பக்கத்தில் நாள் வாரியாகக் கடிதம் எழுதினேன். என் தவறு இது, உங்கள் தவறு இது, அவள் தவறு ஒன்றுமில்லை, அந்த மூன்று வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று கேட்டேன். ‘பிரச்சினை தீர்க்கப்பட்டது, புகார் மூடப்படுகிறது’ என்று பதில் வந்தது. மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

கடைசி நாளும் அவள் முறையாக வெளியேறிவிட்டுத்தான் போனாள். இப்போது அன்னவாசலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு அடித்துக் கொடுக்கிறாள். போன வாரம் அங்கே இறங்கிப் பார்த்தேன். கறுப்பில் மஞ்சள் எழுத்து. “இது எங்கிட்டும் போகாது. நான்தான் சாத்துவேன், நான்தான் தெறப்பேன்” என்றாள். டீ வாங்கிக் கொடுத்தாள். அடுத்த மனுவை எடுத்து அடிக்கத் தொடங்கினாள்.

அவளுடைய பெட்டி இன்னும் சென்னையில் இருக்கிறது. எல்லாச் சுருக்குகளோடும், ஒரு குறையுமில்லாமல், யாருக்கும் பயனில்லாமல். அதை நீக்க ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பும்படி எனக்கு உத்தரவு. காரணம் என்ற இடத்தில், ‘ஆறு மணிக்கு மெயினை இறக்கியது நான். தெரிந்தும் சொல்லாதது நீங்கள்’ என்று எழுதி அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணத்தை எழுதக் கூடாதாம். ராஜினாமா, இடமாற்றம், மற்றவை என்று மூன்று இருக்கின்றன, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம்.

இன்று காலை மூன்றாவது நினைவூட்டல் வந்தது. வியாழக்கிழமை, பத்து மணி இருபது நிமிடம். நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.