கைலிக் கொடியும் ஆரோக்கியதாசும்

இடது கையால் கொடித்துணியைக் கம்போடு சேர்த்துப் பிடித்து, வலது கையால் கம்பை லேசாகத் திருகி, நேர் மேலே உருவுகிறார் ஆரோக்கியதாஸ். பிடுங்குவதில்லை. பிடுங்கினால் குழியின் விளிம்பு உதிர்ந்துவிடும் என்பார். உருவிய கம்பைத் தூக்கிப் போடுவதும் இல்லை. தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவது போல, ஓசைப்படாமல் ஓரமாகக் கிடத்துகிறார். பிறகு தள்ளிப்போய், தன் நிழல் பந்து வரும் வழியில் விழுகிறதா என்று பார்த்து, இன்னும் கொஞ்சம் நகர்ந்து நிற்கிறார். "ம், இப்ப அடி" என்கிறார். பந்தோடு காத்திருக்கும் பக்கத்துக் காட்டுக்காரர் உதயசூரியன் அதற்குள் இரண்டு கொட்டாவி விட்டிருப்பார்.

அறந்தாங்கிக்கு மேற்கே, முந்திரி மரங்களுக்கு நடுவில் கிடக்கும் தன் செம்மண் காட்டில் ஆரோக்கியதாஸ் கோல்ஃப் மைதானம் வைத்திருக்கிறார். மைதானம் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். மொத்தம் நான்கு குழிகள். ஒவ்வொரு குழியிலும் வளைகுடாவிலிருந்து வந்த பால்பவுடர் டப்பா ஒன்று புதைந்திருக்கிறது. அதைச் சுற்றி ஒரு களம் அளவுக்குச் சலித்த மணல். காற்று அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க, லாரி ஷெட்டில் வாங்கிய பழைய ஆயிலை அதில் கலந்து, ஈரச்சாக்கைப் போட்டு இழுத்துத் தரை போலச் சமமாக்கி வைத்திருக்கிறார். புல் வளர்க்கலாமே என்று கேட்டால், "குடிக்கிற தண்ணிக்கே கொடத்தத் தூக்கிக்கிட்டு அலையுறோம், இதுல புல்லுக்கு வேறயா?" என்பார். அவர் வேலை பார்த்த வளைகுடாப் பாலைவனத்திலும் இப்படித்தான் மணலில் விளையாடினார்களாம்.

குழி தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அதில் கொடிக்கம்பை நடுகிறார்கள். பந்து மணல்வட்டத்துக்கு வந்த பிறகு, அதைத் தட்டி உருட்டிக் குழியில் போட வேண்டும். அந்தக் கடைசித் தட்டுக்கு முன்னால் கம்பை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் அடித்து, பந்து கம்பில் பட்டால் அபராதமாக இரண்டு அடி கூடும். ஆரோக்கியதாஸ் கற்றுக்கொண்ட ஆட்டம் இது. மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் கம்பு விஷயத்தில் மட்டும் அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

கொடிக்கு ஒரு தனிக் கதை உண்டு. முதலில் நட்டது சிவப்புக் கொடி. அதைப் பார்த்து, மனை பிரிக்கிறார் என்று நினைத்து, பைக்கை நிறுத்தி, "சென்ட் என்ன வெலைண்ணே போகுது?" என்று விசாரித்தவர்கள் பலர். மஞ்சளுக்கு மாற்றினார், எந்தச் சங்கம் என்று கேட்டார்கள். பச்சை, நீலம் எதைத் தொட்டாலும் ஒரு கட்சி குறுக்கே வந்தது. தேர்தல் சமயத்தில் ஜீப்பே வந்து நின்றுவிட்டது. கடைசியில் தன் பழைய கட்டம்போட்ட கைலியை நாலாகக் கிழித்துக் கட்டினார். கைலிக்குக் கட்சியும் இல்லை, சாதியும் இல்லை. அன்றிலிருந்து ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

கம்புக்கு அடுத்தபடி அவருக்குப் பெரிது அமைதி. ஒருவர் குனிந்து தட்டப் போகும்போது மற்றவர் இருமக் கூடாது, தொண்டையைச் செருமக் கூடாது, பையில் சாவி குலுங்கக் கூடாது. செல்போன் அடித்தால் அன்றைக்கு அந்த ஆள் தொலைந்தார். முந்திரிக்காட்டில் மயில்கள் அகவும்போது, ஏதோ அவை சந்தா கட்டிச் சேர்ந்த உறுப்பினர்கள் போல அந்தப் பக்கம் திரும்பி முறைப்பார். "மில்லுல பொழுதன்னிக்கும் எரைச்சல். இங்கயாச்சும் மனுசன் காது ஆறட்டும்" என்பது அவருடைய நியாயம்.

மில் என்பது அவருடைய பிழைப்பு. கடைத்தெருவில் மாவும் மிளகாயும் அரைக்கிற மில். கிறிஸ்தவர், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். ஆனால் மில்லைப் பூட்டுவது வெள்ளிக்கிழமை காலையில். பத்தொன்பது வருடம் வளைகுடாவில் வெள்ளிக்கிழமையை விடுமுறையாக அனுபவித்த உடம்பு, ஊருக்கு வந்தும் அந்தக் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. "வெள்ளிக்கெழம பூட்டுனா சனம் பூரா அடுத்த மில்லுக்குப் போயிரும்" என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமைகளின் இன்னொரு பாதி ரத்தினவேல். பாலைவனத்தில் ஒரே கோல்ஃப் கிளப்பில் ஆரோக்கியதாஸ் மணல் இழுத்தார், ரத்தினவேல் தண்ணீர் லாரி ஓட்டினார். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. பெரிய மனிதர்கள் ஆடி முடித்துக் காரில் ஏறிய பிறகு, பொழுது சாய்கிற நேரத்தில், யாரோ வீசிவிட்டுப் போன வளைந்த மட்டை ஒன்றை வைத்துக்கொண்டு இருவரும் ஆடினார்கள். ஒருவர் தட்டும்போது இன்னொருவர் கம்பு பிடிப்பார். கண்ணுக்கெட்டிய தூரம் மணல்தான், வேறு ஆள் கிடையாது. வீட்டிலிருந்து தன் அப்பா இறந்த செய்தி வந்த வாரத்தில்கூட ரத்தினவேல் வந்து கம்பு பிடித்தாராம். அதைப் பற்றி ஆரோக்கியதாஸ் அதிகம் பேசமாட்டார். "கம்ப எடுக்க ஒரு ஆளு வேணும்ல. அப்பத்தான நமக்கு ஒரு ஆளு இருக்கான்னு தெரியும்" என்று மட்டும் சொல்வார்.

அந்த ரத்தினவேலோடுதான் சண்டை வந்தது.

சில மாதங்களாகவே ரத்தினவேல், தன் முறை வரும்போது, "கம்பு இருக்கட்டும்ப்பா, எடுக்காத" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். குனியச் சோம்பல் என்று ஆரோக்கியதாஸ் விட்டுவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை, ரத்தினவேல் தட்டிய பந்து வேகமாக வந்து கம்பில் மோதி, நேராக டப்பாவுக்குள் விழுந்தது. உதயசூரியன் கைதட்டினார்.

"ரெண்டு அடி கூட்டிக்க" என்றார் ஆரோக்கியதாஸ்.

"எதுக்குக் கூட்டணும்? ரூல மாத்தி எத்தனையோ வருசமாச்சு. கம்பு இருந்தாலும் தப்பில்ல, பட்டாலும் தப்பில்ல" என்று ரத்தினவேல் போனை எடுத்து நீட்டினார். உதயசூரியன் வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். உண்மைதான். உலகம் முழுக்க விதி மாறியிருந்தது. செம்மண் காட்டுக்குச் சேதி வரவில்லை, அவ்வளவுதான்.

"அது அங்கிட்டு. இங்கிட்டு நம்ம ரூலு."

"ஒன் ரூலா?"

"ஆமா, என் ரூலு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பந்த ஒழுங்கா உருட்டத் துப்பில்ல, ரூலு பேச வந்துட்ட."

சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. ரத்தினவேல் மட்டையை மணலிலேயே போட்டார். "ஒன் கம்ப நீயே கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிவிட்டு, காட்டைத் தாண்டி நடந்தே போனார். போகிற வழியில் ஒரு முந்திரிக் கிளையில் இடித்துக்கொண்டதை, கோபத்தில் போகிறான் என்றுதான் ஆரோக்கியதாஸ் நினைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரத்தினவேல் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. உதயசூரியன் நல்ல மனிதர். ஆனால் மாடு விரட்டுகிற கணக்காகப் பந்தை அடிப்பார், கம்பை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு பல் குத்துவார். ஆரோக்கியதாசுக்கு ஆட்டம் கசந்தது. வெள்ளிக்கிழமையும் மில்லைத் திறந்துவிடலாமா என்று மனைவியிடம் கேட்டார். இத்தனை வருடமாக அதையே கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணாங்க, பூட்டியே கெடக்கட்டும்" என்றாராம்.

இப்படியே போயிருந்தால் அந்த நட்பு முடிந்திருக்கும். போன வாரம் ரத்தினவேலின் மனைவி செவந்தி, மிளகாயும் மல்லியும் தூக்கிக்கொண்டு மில்லுக்கு வந்தார். அரைத்து முடிகிற வரைக்கும் நின்றார். பையை வாங்கிக்கொண்டும் நகரவில்லை.

"அண்ணே, நான் சொன்னேன்னு அவுகளுக்குத் தெரிய வேணாம். அவுகளுக்குக் கண்ணு சரியாத் தெரியலண்ணே. ரெண்டு கண்ணுலயும் பொரை. ஆபரேசன் பண்ணுனா சரியாயிரும்னு டாக்டரு சொல்றாரு. இவுக பயந்துக்கிட்டு இன்னிக்கி நாளைக்கின்னு தள்ளிக்கிட்டே போறாக."

ஆரோக்கியதாஸ் மோட்டாரை நிறுத்தினார்.

"கம்பு இருந்தாத்தான் குழி எங்கிட்டு இருக்குன்னே தெரியுதாம். வெளிய சொன்னா ஆட்டத்துல சேத்துக்க மாட்டீங்கன்னு வாயத் தொறக்கல. இப்ப வெள்ளிக்கெழமயானா, சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்லயே ஒக்காந்திருக்காகண்ணே."

மிளகாய் நெடிக்குப் பழகிய கண்தான் அவருக்கு. அன்றைக்குத் துண்டால் துடைத்துத் துடைத்துச் சிவந்துபோனது. இத்தனை வருடம் பக்கத்தில் நின்று, பந்து உருளும் வழியில் ஒரு முந்திரிச் சருகு கிடந்தால்கூடக் கண்டுபிடிக்கிற தனக்கு, பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கண் தெரியவில்லை என்பது தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது. அரைத்த மிளகாய்த்தூளைத் திரும்ப வாங்கி, எதற்கென்று தெரியாமல் இன்னொரு தடவை அரைத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ரத்தினவேல் வீட்டு வாசலில் அவருடைய மொபெட் நின்றது. ரத்தினவேல் சட்டை போட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்.

"ஏறு."

"நான் வரல."

"கம்பு இருக்கும். ஏறு."

ரத்தினவேல் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். "செவந்தி வந்துச்சா?"

"மில்லு எரைச்சல்ல எனக்கு ஒண்ணும் காதுல விழுகல. ஏறப் போறியா, இல்லையா?"

ஏறினார். கப்பிச் சாலையில் மொபெட் குலுங்கிக்கொண்டு போனது. பாதி வழியில் பின்னாலிருந்து, "முழிச்சிருக்கறப்பயே கண்ணுல கத்திய வைப்பாங்களாம்ல?" என்று கேட்டார் ரத்தினவேல்.

"மரத்துப்போக மருந்து விடுவாங்க. எங்க பெரியம்மா பண்ணிக்கிட்டு, மக்யா நாளு கொழம்புல உப்புப் பத்தலன்னு மருமகளோட மல்லுக்கு நின்னுச்சு."

"நீ வர்றியா?"

"வாரேன். உள்ள விடுற வரைக்கும் வாரேன்."

"வெள்ளிக்கெழமையா இருந்தா?"

ஆரோக்கியதாஸ் கொஞ்சம் யோசித்தார். "வெள்ளிக்கெழமையா இருந்தாலும்" என்றார். பின்னாலிருந்த கை அவர் தோளை ஒரு தரம் அழுத்திவிட்டு எடுத்துக்கொண்டது.

உதயசூரியன் முன்பே வந்து சாக்குப் போட்டு மணலை இழுத்து வைத்திருந்தார். இருவரையும் ஒரே வண்டியில் பார்த்ததும், சாக்கை உதறி ஓரமாகப் போட்டார். முதல் குழி. மூன்று பந்துகளும் மணல்வட்டத்துக்கு வந்து சேர்ந்தன. முதலில் ரத்தினவேல் முறை. ஆரோக்கியதாஸ் குழியருகே போய்க் கம்பைப் பிடித்தார்.

"எடுக்காதப்பா" என்றார் ரத்தினவேல். சண்டைக்குத் தயாரான குரலும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

"எடுக்கல. பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். நீ தட்டு. பந்து கிளம்புனப்பறம் உருவிக்கிறேன். ஒன் ரூலுக்கும் சரி, என் ரூலுக்கும் சரி."

பாலைவனத்தில் அப்படித்தான் செய்வார்கள். ரத்தினவேலின் முகம் இளகியது. காலை அகட்டி வைத்துக் குனிந்தார். பந்தைப் பார்த்தார், நிமிர்ந்து குழி இருக்கிற திசையைப் பார்த்தார். மறுபடி பந்து, மறுபடி திசை. கிழக்கே சூரியன் முந்திரி மரங்களுக்கு மேலே ஏறி, அவர் முகத்துக்கு நேராக அடித்தது. கையை நெற்றியில் வைத்து மறைத்துப் பார்த்தார்.

"வெயிலு எதுத்தாப்புல இருக்கு, தாசு. கம்பும் தெரியல" என்றார். ஆரோக்கியதாசிடம் அவர் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

உதயசூரியன் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். மயில்கள்கூட அந்த நேரம் சும்மா இருந்தன. ஆரோக்கியதாஸ் எப்போதும் வேண்டுகிற அமைதி, ஒரு சாவி குலுங்காமல், ஒரு சருகு அசையாமல், மணல்வட்டத்தின் மேல் வந்து நின்றது.

அவர் கொடித்துணியைக் கம்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்தார். கம்பை ஒரு விரல் அளவு தூக்கி, டப்பாவின் அடியில் தட்டினார். டொண், டொண்.

ரத்தினவேல் மட்டையின் முகத்தைச் சத்தம் வந்த பக்கம் ஒரு நூல் திருப்பினார். ஆரோக்கியதாஸ் இன்னும் பலமாகத் தட்டினார்.