மிசிசிப்பிக்கு ஒரு விதானையார்

பத்து வயதில் எங்கள் வீட்டின் ஆங்கிலத்துக்கு நான்தான் பொறுப்பு. டாக்டரிடம் நேரம் கேட்பது, காஸ் கம்பெனிக்காரனோடு சண்டை பிடிப்பது, கவுன்சிலிலிருந்து வரும் அழைப்புக்குப் பதில் சொல்வது எல்லாம் என் இலாகா. அப்பா பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குவார். அம்மா ஆங்கிலம் கதைப்பார், ஆனால் கோபம் வந்தால் பாதியிலேயே தமிழுக்கு மாறிவிடுவார். எங்களோடு இருந்த சின்னம்மா மட்டும் வாயே திறக்க மாட்டார்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. இலங்கையில், வன்னிப் பக்கம் கிராம சேவையாளராக இருந்தவர். ஒரு பகுதியில் எத்தனை வீடு, எத்தனை தலை, யார் செத்தார், யார் பிறந்தார் என்று கணக்கு வைத்திருக்கும் அரசாங்க வேலை அது. பழைய பெயர் விதானையார். அப்பா கேலியாக அவரை அப்படித்தான் கூப்பிடுவார். லண்டனுக்கு வந்து இரண்டு வருடமாக நோர்பரியில் ஒரு தமிழ்க் கடையின் பின்னறையில் மரக்கறி பிரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை என்னைவிட நன்றாக வாசித்து விளங்கிக்கொள்வார். தொலைபேசி அடித்தால் மட்டும், “எனக்கு ஏலாது, நீயே கதை” என்று என் பக்கம் தள்ளிவிடுவார். எனக்கு அதில் பெருமையோ பெருமை.

அந்த வருடம் எங்கள் வகுப்பு ஆசிரியை மிசிசிப்பி ஆற்றங்கரை ஊர்களின் பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு தொப்பிக்குள் போட்டார். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அந்த ஊரைப் பற்றி ஒரு பெரிய அட்டை தயாரிக்க வேண்டும். மிகச் சிறந்த அட்டைக்கு நீல ரிப்பன் கிடைக்கும். அதைச் செய்த பிள்ளை பெற்றோர் எல்லோரும் வந்திருக்கும் மாலையில் மண்டபத்து மேடையில் ஏறிப் பேசலாம். எனக்கு அந்த ரிப்பன் வேண்டும். அதற்கு முன்னாலும் பின்னாலும் வாழ்க்கையில் எதையும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

என் பக்கத்தில் இருந்தவளுக்கு நியூ ஓர்லியன்ஸ் வந்தது. எனக்கு வந்ததோ தேசப்படத்தில் புள்ளிகூட வைக்காத ஓர் ஊர். இணையத்தில் தேடினால் ஒரு தேவாலயத்தின் படமும், ஊர் அருங்காட்சியகத்தின் தொலைபேசி இலக்கமும் இருந்தன. அவ்வளவுதான். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா என்ன செய்வார்? யாழ்ப்பாணத்துக்காரருக்கு ஆறு என்றால் என்ன தெரியும், எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் ஓடி வெயில் வந்ததும் காணாமல் போகிற வாய்க்கால்தானே இருக்கிறது என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடையில் போன் கார்ட் வாங்கி, தொலைபேசியைச் சமையலறை மேசையில் வைத்து அந்த இலக்கத்தை அழுத்தினேன். அமெரிக்காவில் அப்போதுதான் காலை. சத்தம் வெளியே கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டிருந்தேன், வீட்டார் என் ஆங்கிலத்தைக் கேட்க வேண்டாமா? வயதான ஒரு பெண்மணி எடுத்தார். தாளில் எழுதி வைத்திருந்த ஐந்து கேள்விகளையும் கேட்டேன். அவர் சொன்ன பதில் ஒன்றுமே எனக்கு விளங்கவில்லை. சொற்களை அவர் இழுத்து இழுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, மூக்கால் விட்டார். டாக்டரையும் காஸ்காரனையும் வெட்டி விழுத்திய நான் ‘யெஸ், தாங்க்யூ, யெஸ், தாங்க்யூ’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். தாள் வெறுமையாக இருந்தது. வைத்துவிடலாம் என்று கையை நீட்டினேன்.

மேசையின் மற்றப் பக்கத்தில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்த சின்னம்மா, “பொறு, வையாதை” என்றார். கையைச் சீலையில் துடைத்துவிட்டுத் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார். அவர் ஆங்கிலத்தில் கேட்ட முதல் கேள்வி இதுதான்: எத்தனை குடும்பம்? இரண்டாவது: நீங்கள் சொன்ன அந்த வெள்ளத்தில் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது?

மறுபக்கத்தில் அந்தப் பெண்மணி சிரித்தார். இங்கே கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் நீராவிக் கப்பலைப் பற்றித்தான் கேட்பார்கள், வீட்டைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை, கொஞ்சம் இருங்கள், கண்ணாடியை எடுத்து வருகிறேன் என்றார். இதைச் சின்னம்மாதான் எனக்குத் தமிழில் சொன்னார். அவருக்கு அந்த இழுவை எப்படி விளங்கியது என்று கேட்டேன். வன்னியில் பல்லுப் போன கிழவர்கள் சொன்னதை எல்லாம் பதிந்தவள் நான் என்றார்.

இலங்கைக்கு இருபது நிமிடம் தரும் கார்ட் அமெரிக்காவுக்கு மணிக்கணக்கில் தந்தது. நாலு பின்னேரங்கள் அவர்கள் கதைத்தார்கள். சின்னம்மா ஒரு நீளத் தாளில் அடிமட்டத்தால் கோடு போட்டு ஏழு நிரல் பிரித்தார். வீட்டு இலக்கம், குடும்பத் தலைவர், அங்கத்தவர் தொகை, தொழில், தண்ணீர் ஏறிய உயரம், இடம்பெயர்ந்து போன இடம், திரும்பிய விவரம். குளக்கட்டு உடைந்தபோது அவர் வன்னியில் எழுதிய பட்டியலும் இப்படித்தான் இருந்ததாம். அந்த ஊர் கப்பல்களுக்கு விறகு ஏற்றத் தொடங்கி உருவானது, பிறகு ஆற்றுச் சிப்பி ஓட்டில் சட்டைப் பொத்தான் வெட்டும் தொழிற்சாலை வந்தது, பிளாஸ்டிக் வந்து அதை மூடியது எல்லாம் தொழில் என்ற நிரலிலேயே வந்து விழுந்தன. தாத்தா விறகு, மகன் பொத்தான், பேரன் லொறி.

ஒரே ஒரு இடத்தில்தான் இருவருக்கும் முட்டிக்கொண்டது. வெள்ள காலத்தில் வீடு வீடாகப் போய்ப் பதிந்த அலுவலர் யார் என்று சின்னம்மா கேட்டார். அப்படி ஒருவரும் இல்லை என்றார் அந்தப் பெண்மணி. “பட்டியல் இல்லாமல் எப்பிடி நிவாரணம் குடுத்தவை?” என்று சின்னம்மா என்னைப் பார்த்துக் கேட்டார், நான்தான் அமெரிக்க அரசாங்கம் போல.

மற்றப் பிள்ளைகளின் அட்டைகளில் கப்பல் புகை விட்டது, பஞ்சு ஒட்டியிருந்தது, ஒருத்தி பாட்டுப் பெட்டிகூட வைத்திருந்தாள். என்னுடையது கோடு போட்ட பதிவேடு. நான் செய்ததெல்லாம் ஓரத்தில் ஆற்றுக்கு நீல நிறம் தீட்டியதுதான். வெட்கத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆசிரியை நின்றபடி வாசிக்கத் தொடங்கி, பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாசித்தார். ரிப்பன் எனக்குத்தான்.

அந்த மாலை மேடையில் நான் வெளுத்து வாங்கினேன். வீடு வீடாகச் சொன்னேன். பதினாலாம் இலக்க வீட்டில் தண்ணீர் ஒன்பதாம் படிவரை ஏறியதைச் சொன்னபோது கையை என் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினேன். கைதட்டல் முடிந்ததும் தலைமை ஆசிரியர் சிரித்தபடி ஒன்று கேட்டார். நீ சொன்னதுபோல் அரசாங்கம் மேட்டில் புது வீடு தருகிறேன் என்ற பிறகும் சிலர் ஏன் ஆற்றங்கரைக்கே திரும்பினார்கள்? அந்தக் கேள்விக்கு என்னிடம் நிரல் இல்லை. ரிப்பனைப் பறித்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

பின்வரிசையில் ஒரு கதிரை கிறீச்சிட்டது. சின்னம்மா எழுந்து நின்றார். தான் அதைத் தொலைபேசியிலேயே கேட்டுவிட்டதாக ஆங்கிலத்தில் சொன்னார். முதலில் ஒரே ஒரு வீட்டுக்காரிதான் திரும்பினார், மூன்று கிழமை அந்தத் தெருவில் அவர் மட்டும் இருந்தார், அந்த ஒரு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், அந்த வீட்டுக்காரிதான் தொலைபேசியில் தன்னோடு கதைத்தவர் என்றார். இறந்தகாலமும் நிகழ்காலமும் கலந்து கிடந்த ஆங்கிலம். ஒருவரும் சிரிக்கவில்லை. யாரோ ஒரு தகப்பன் இன்னொரு கேள்வி கேட்டார், அதற்கும் சொன்னார். தலைமை ஆசிரியர் அவரை முன்னுக்கு வரச்சொன்னார். சின்னம்மா சப்பாத்துச் சத்தம் கேட்க நடந்து வந்து, ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்குச் சரிசெய்து, கால் மணி நேரம் பேசினார். அலுவலகத்தில் வரிசையில் நிற்கும் சனத்துக்குச் சொல்லும் குரல் அது. நான் அந்தக் குரலை முதல்முறையாகக் கேட்டேன். கடைசியில் அந்த மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. எனக்குத் தட்டியபோது எல்லோரும் கதிரையில் இருந்துகொண்டுதான் தட்டினார்கள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் நான் அவருக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. அப்பா, “விதானையாருக்கு லண்டனிலையும் வேலை கிடைச்சிட்டுது” என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது என்ர புரொஜெக்ட் என்று நான் உரக்கச் சொன்னேன்.

“ஓம், உன்ரைதான்” என்றார் சின்னம்மா. சொல்லிவிட்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை, தோள் குலுங்கியது, மறுபடி சிரித்தார்.

இரண்டு வருடம் வாய் மூடியிருந்த ஒருவர் தன் குரலைத் திரும்பக் கேட்டால் அப்படித்தான் சிரிப்பார் என்று பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று நினைத்தேன். நீல ரிப்பனைக் கழற்றி, அவர் கண்ணில் படாதபடி சட்டைக்குள் ஒளித்துக்கொண்டேன்.